டிரைக்ளாபெண்டசோல் 900 மி.கி. மாத்திரை: நல்ல மருந்து, வீணாக்காதீர்கள்

மாட்டின் கல்லீரல் தட்டைப்புழுவுக்கு இன்று விற்பனையில் உள்ளவற்றில் இதற்கு ஈடு இல்லை. மற்ற புழு மருந்துகளான ஆக்ஸிகுளோசனைடும் அல்பெண்டசோலும் பித்தக்குழாயில் குடியேறிவிட்ட முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும். கல்லீரலைத் துளைத்துக்கொண்டு போகும் 2 வார இளம்புழுவையும் அடிப்பது இது ஒன்றுதான். மழைக்குப் பிறகு நத்தை மண்டிய வாய்க்கால் ஓரமும் தாளடி வயலிலும் மேய்ந்த மாட்டுக்கு அந்த வித்தியாசம் உயிர்நாடி.

குறை மருந்தில் இல்லை, கொடுக்கும் விதத்தில்தான். அளவு, கிலோ எடைக்கு 12 மி.கி. அதாவது 75 கிலோவுக்கு ஒரு மாத்திரை. 300 கிலோ மாட்டுக்கு 4 வேண்டும். "பெரிய மாட்டுக்கு ரெண்டு போதும்" என்று கடையில் சொல்வதைக் கேட்டால் பாதி அளவுதான் உள்ளே போகிறது. அதில் தப்பிய புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம் உயிரி நத்தைக்குள் போய் நூற்றுக்கணக்கில் பெருகி அதே புல்லுக்குத் திரும்பும். எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். முன்னங்காலை ஒட்டி நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தும் பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 போட்டால் கிலோ வந்துவிடும். 65 அங்குலமும் 54 அங்குலமும் இருந்தால் சுமார் 345 கிலோ, 5 மாத்திரை. கரைத்து ஊற்றும்போது நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

புழுவுக்கு மருந்து எதிர்ப்புத் திறன் வரும் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியாவில் 1995-லேயே செம்மறி ஆடுகளில் இந்த மருந்துக்கு அடங்காத புழு பதிவானது. பிறகு ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும், மாடுகளிலும்.

"மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டுமுன் சாணத்தைப் பாருங்கள். கால்நடை மருந்தகத்தில் படிவு முறையில் (சாணத்தைத் தண்ணீரில் கரைத்து முட்டையை அடியில் படியவிட்டு) பார்த்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால், கல்லீரல் புழுவின் முட்டை பொன்மஞ்சளாகத் தெரியும். நிறமற்றுக் கண்ணாடிபோல் இருந்தால் அது இரைப்பைத் தட்டைப்புழு. அதற்கு இந்த மாத்திரை வேலையே செய்யாது, ஆக்ஸிகுளோசனைடுதான் வேண்டும். கழிச்சல் நிற்கவில்லை என்று இதையே மறுபடி மறுபடி கொடுப்பது பணத்துக்கும் கேடு, மருந்துக்கும் கேடு.

மஞ்சள் முட்டைதான் என்றால், மருந்துக்கு முன் ஒரு எண்ணிக்கை, 21 நாள் கழித்து ஒரு எண்ணிக்கை. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் பார்த்தால் பித்தப்பையில் தங்கிய பழைய முட்டைகள் ஏமாற்றும். மருந்தளவு சரியாக இருந்தும், முதலில் 100 ஆக இருந்த முட்டை 10-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். பல மாடுகளில் பார்த்தால்தான் உறுதி.

கறவையில் இருக்கும் மாட்டுக்கு எங்கள் பரிந்துரை இல்லை. பிரிட்டனில் அதற்கு அனுமதியே கிடையாது. வற்றிய மாட்டுக்கும் கிடேரிக்கும், மழைக்குப் பிந்தைய மருந்துச் சுற்றுக்கும் மட்டும் வாங்குங்கள், பால் ஒதுக்கும் நாட்களை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. மற்றச் சுற்றுகளுக்கு ஆக்ஸிகுளோசனைடு போதும். எதிர்ப்பு உறுதியான பண்ணையில் இதை நிறுத்திவிட்டு ஆக்ஸிகுளோசனைடுக்கு மாறுங்கள். இளம்புழு தப்பும் என்பதால் 8 முதல் 10 வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.