பாரதி சாலை பழைய புத்தகக் கடை: தூசிக்குப் பயப்படாதவர்கள் போகலாம்

திருவல்லிக்கேணியில் நடைபாதையை ஒட்டிய சின்னக் கடை. முன்னால் நீட், இன்ஜினியரிங் கைடுகள். மத நூல்கள் உள்ளே, தரையோடு தரையாக. குனிந்து தேடினேன், பைபிள் கால வரலாற்று ஆய்வாளர் கேசா வெர்மெஷ் அகப்பட்டார்! இயேசுவை யூதராகவே வைத்துப் பேசிய அவருடைய 1973 நூல்.

மனிதர் வாழ்க்கையே ஒரு நாவல். 1924இல் ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கராகி, பாதிரியாராகி, 1957இல் அதையும் விட்டு இங்கிலாந்து போனவர். பெற்றோர் நாஜிப் படுகொலையில் மாண்டார்கள். சாக்கடல் சுருள்களை, அதாவது சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளை, ஆங்கிலத்தில் தந்தது 1962இல். பிறகு ஆக்ஸ்போர்டு பேராசிரியர்.

இந்த நூலில் எனக்குப் பிடித்தது, இயேசுவுக்குப் பக்கத்தில் அவர் நிறுத்தும் யூத மகான்கள். ஹோனி என்பவர் தரையில் வட்டம் போட்டு நின்றுகொண்டு, மழை வந்தால்தான் நகருவேன் என்று கடவுளிடமே அடம்பிடித்தாராம். ஏரி வறண்ட வருஷம் நம்மூருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட ஆள்.

கடைக்கார பாய் 250 சொன்னார். "அட்டை கிழிஞ்சிருக்கே பாய்" என்றதும் 180. வீட்டில் பிரித்தால் பொருளடைவில் 2 தாள் இல்லை. வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். ஜிபே உண்டு, பார்க்கிங் கிடையாது. 5க்கு 4 நட்சத்திரம்.