வைத்தியசாலை நிர்வாகப் பட்டத்துக்குக் காசு கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

"கட்டிய காசு திருப்பித் தரப்படமாட்டாது." தங்கச்சியின் படிப்புக்குக் கட்டிய காசைத் திருப்பிக் கேட்டதற்கு, நேற்றுப் பின்னேரம் வட்ஸ்அப்பில் வந்த பதில் இவ்வளவுதான். வணக்கம் இல்லை, அனுப்பியவர் யார் என்றும் இல்லை. மூன்று இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வரி! ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. மட்டக்களப்பு டவுனில், மாடியில், ஏசி போட்ட ஒரு தனியார் கல்வி நிலையம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை ஊரிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் போடுகிறார்கள். தங்கச்சி உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. நல்ல பெறுபேறுதான், ஆனால் கம்பஸுக்கு இசற் புள்ளி காணாது. வைத்தியசாலை நிர்வாகம் என்றதும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

அங்கிருந்த ஆலோசகர் நல்ல பணிவு. அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். "அம்மா, இவ எனக்கும் தங்கச்சி மாதிரித்தான், நான் பொய் சொல்லுவேனா?" என்றார். அவர் நீட்டிய துண்டுப் பிரசுரத்தில் 'சராசரி ஆண்டு வருமானம் 110,680 டொலர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கல்குலேட்டரை எடுத்து அதை 300ஆல் பெருக்கி, அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று கோடியே முப்பத்திரண்டு இலட்சம். அம்மா ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். நாங்கள் நம்பியது அந்த இடத்தில்தான். அடுத்த கிழமையே அம்மாவின் சங்கிலியும் காப்பும் வங்கியில் அடகுக்குப் போயின. பதிவுக்கு 35,000, முதல் தவணை 350,000.

அந்த 110,680 எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் 2023 மே மாதத்துக்குக் கொடுத்த தொகை அது. அமெரிக்காவில் மருத்துவ, சுகாதார சேவை முகாமையாளர்களாக இருப்பவர்களின் சம்பளத்தில் நடு அளவு. அதாவது அங்கேயே பாதிப்பேர் அதற்குக் கீழேதான் எடுக்கிறார்கள். பல வருட அனுபவத்தோடு மேலே வந்தவர்களும் அதில் அடக்கம். அந்தச் சம்பளத்தை எங்கட களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு ரூபாவில் பெருக்கிக் காட்டுவது அநியாயம் இல்லையா?

இங்கே நிலைமை என்ன? எங்கட மச்சாள் அரசாங்க வைத்தியசாலையில் தாதி. அவ சொல்லித்தான் விபரம் தெரிந்தது. அரசாங்கத்தின் பெரிய வைத்தியசாலைகளில் பணிப்பாளராக இருப்பவர்கள் டொக்டர்மார். எம்பிபிஎஸ் முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவ நிர்வாகம் படித்து வருகிறவர்கள். கந்தோரில் இருக்கும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்கள் போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர்கள். அதை எழுத இந்தப் பட்டம் தேவையே இல்லை.

மிஞ்சுவது தனியார் வைத்தியசாலைகள். விசாரித்த இடத்தில், பில் கவுண்டரில்தான் தொடங்க வேண்டும், 45,000 தருவோம் என்றார்கள். முழுப் படிப்புக்கும் இவர்கள் கேட்பது 18 இலட்சம். ஒரு சதமும் செலவழிக்காமல் 40 மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தால்தான் அது அடையும். பஸ் காசு, சாப்பாடு, அடகு வட்டி எல்லாம் வேறு. படிப்பே கூடாது என்று சொல்லவில்லை. கொழும்பில் பெரிய தனியார் வைத்தியசாலையொன்றில் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குப் பதவி உயர்வுக்கு உதவலாம். ஆனால் உயர்தரம் முடித்த பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் கோடிக் கணக்குக் காட்டி விற்கிற சாமான் இல்லை இது.

இவ்வளவுக்கும் வகுப்பு ஒன்றுகூடத் தொடங்கவில்லை. பிள்ளைகள் சேரட்டும், சேரட்டும் என்றே இழுத்தார்கள். காசைக் கேட்டால், "சேர் கொழும்புக்குப் போயிட்டார்." கணக்குப் பிரிவிடம் கேட்டால், "ஆலோசகரைக் கேளுங்க." தங்கச்சி மாதிரி என்று சொன்ன அந்த ஆலோசகர் எங்கள் நம்பரை எடுப்பதே இல்லை. மச்சாளின் போனில் எடுத்தேன், என் குரல் கேட்டதும் கட் பண்ணிவிட்டார். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீசில் எல்லாம் இருக்கிறதாம். அதை அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். பற்றுச்சீட்டில் 'கல்விக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது, எந்தப் படிப்பு என்று இல்லை.

அங்கீகாரம் பற்றிக் கேட்டபோது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த சான்றிதழைக் காட்டினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையத்தைப் பதிந்த சான்றிதழ். நிலையத்தின் பதிவு வேறு, படிப்புக்கான தரச்சான்று வேறு. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதற்கும் அந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுவரில் தொங்குவதை நம்பாதீர்கள், மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள். சம்பளத்தை டொலரில் சொன்னால், அவர்களிடம் படித்த பிள்ளை இங்கே எங்கே வேலை செய்கிறது, ரூபாவில் எவ்வளவு எடுக்கிறது என்று கேளுங்கள். காசு திரும்பக் கிடைக்கும் நிபந்தனையைத் தமிழில் எழுதி வாங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பற்றுச்சீட்டில் படிப்பின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று இலட்சத்து எண்பத்தைந்தாயிரத்தை விடப்போவதில்லை. நாளைக்குப் பற்றுச்சீட்டோடு முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். மட்டக்களப்போ கல்முனையோ, இதே மாதிரிக் கட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போவோம்.