எஸ்இலினக்ஸா, ஆப்ஆர்மரா: செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு எது பொருந்தும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு கொலுசுக் கடையின் கணக்கும் வலைத்தளமும் ஒரே லினக்ஸ் சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலைத்தளத்தின் ஓட்டை வழியே ஒருவர் புகுந்துவிட்டாலும், வலைத்தளத்தை இயக்கும் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ரூட் எனும் முழு நிர்வாகி உரிமையோடு ஓடினாலும்கூட, அனுமதித்ததைத் தாண்டி எதையும் தொடமுடியாதபடி லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே தடுக்கச் செய்வதுதான் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் என்ற இரு பாதுகாப்பு அமைப்புகளின் வேலை.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், கோப்பு, செயல்முறை, போர்ட் (நெட்வொர்க் இணைப்புக்கான எண்) என அனைத்துக்கும் லேபிள் ஒட்டி, எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று பாலிசி எனும் விதித்தொகுப்பில் வரையறுக்கிறது. கோப்பை நகர்த்தினாலும் லேபிள் கூடவே போகும் என்பது இதன் பலம். புதியவர்களைத் திணறவைப்பதும் அதுவே. வீட்டு டைரக்டரியில் இருந்த கொலுசுப் படங்களை கோப்பை நகர்த்தும் எம்வி (mv) கட்டளையால் வலைத்தள டைரக்டரிக்கு மாற்றினால், வழக்கமான கோப்பு அனுமதிகள் சரியாக இருந்தும் பழைய லேபிள் காரணமாகப் படம் தெரியாது. புதிய இடத்துக்குரிய லேபிளை ஒட்டிவிடும் ரீஸ்டோர்கான் (restorecon) கட்டளை ஒன்றே போதும். அது தெரியாமல் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவோர் ஏராளம்.

2010-இல் 2.6.36 கெர்னலில் சேர்ந்த ஆப்ஆர்மர், லேபிளை அல்ல, கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் பாதையைத்தான் பார்க்கிறது. எந்த நிரல் எந்தப் பாதையைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று அந்த நிரலுக்கான புரொஃபைல் எனும் விதிக்கோப்பில் வரிவரியாக இருப்பதால் எவரும் வாசித்துவிடலாம். கம்ப்ளெயின் எனும் சோதனை முறையில் ஓடவிட்டால், பொதுவாக மீறல்களைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும். ஆனால் புரொஃபைல் இல்லாத நிரலை அது கண்டுகொள்வதில்லை.

ஒரே ஆள் கவனிக்கும், உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வருக்கு, என் கணிப்பில், ஆப்ஆர்மரே போதும்; பலருடைய கண்டெய்னர்கள் (தனித்தனியாகப் பிரித்து ஓடவிடப்படும் நிரல்கள்) அருகருகே ஓடும், ரெட் ஹேட் என்ற லினக்ஸ் வகை சர்வரில் எஸ்இலினக்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன்.