கசிவு எங்கே என்று சொல்லாத இயந்திரம்: வீட்டில் வேக் சிகிச்சை, ஒரு பயன்பாட்டு அனுபவம்

மாமனாருக்குச் சர்க்கரைப் புண்ணால் கால்விரல்களை எடுத்துவிட்டார்கள், புண்ணில் வடியும் நீரை வெற்றிடத்தால் உறிஞ்சி ஆறவைக்கும் வேக் (VAC) மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அம்மாவின் வலது பாதத்துக்கு இதே சிகிச்சையை மருத்துவமனையில் தொடங்கி, பிறகு வீட்டில் பல வாரங்கள் தொடர்ந்தோம் என்பதால், அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் இவ்வளவு நீண்டுவிட்டது. புண்ணுக்குள் ஸ்பாஞ்சை வைத்து, மேலே ஒட்டும் படலத்தால் மூடி, குழாய் வழியாக உறிஞ்சுவது என்ற அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். அதை மீண்டும் விளக்கப் போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதன் அலாரத்தைப் பற்றி.

அதற்கு முன், இயந்திரத்துக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். முதல் நன்மை நான் எதிர்பாராதது: வாடை போய்விட்டது. தினமும் துணி வைத்துக் கட்டிய நாட்களில், காலையில் கட்டிய கட்டு மதியத்துக்குள் நனைந்து, அறை முழுவதும் அந்த வாடை நின்றது. பார்க்க வந்த உறவினர்களை வாசலோடு அனுப்பிவிடச் சொல்லும் அளவுக்கு அம்மா கூசிப்போயிருந்தார். இயந்திரம் வந்த பிறகு புண்ணில் வடியும் நீரெல்லாம் கேனிஸ்டர் என்ற அதன் சேகரிப்பு டப்பாவுக்குள் போனது, படுக்கை விரிப்பு உலர்ந்தே இருந்தது, தினசரிக் கட்டு மாற்றும் வேதனை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை என்று குறைந்தது. மாற்றும் ஒவ்வொரு முறையும் புண்ணின் அடியில் சிவந்த புதுச் சதை முன்னைவிடக் கூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தோம். விரல் எடுத்த இடத்தில் வெளியே தெரிந்துகொண்டிருந்த எலும்பு முனையைச் சதை மூடியது. அதன்மேல் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், அதுவும் பிடித்துக்கொண்டது. இறந்த சதையை முழுவதும் வெட்டி எடுத்து, எலும்பில் தொற்று இல்லை என்பதை உறுதிசெய்த பிறகுதான் மருத்துவர் இயந்திரத்தை வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வேலை சரியாக நடக்காத புண்ணில் இதை வைப்பது ஆபத்து.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்கென்டா, மோரிக்வாஸ் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பன்றிகளின் புண்களில் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சலின்போது ரத்த ஓட்டம் நான்கு மடங்கு வரை கூடியதையும், 400-க்கு மேல் போனால் அது தடைபடுவதையும் காட்டினார்கள். இன்றும் பெரும்பாலான இயந்திரங்கள் 125-இல்தான் ஓடுகின்றன. 2005-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பாதத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்ட 162 சர்க்கரை நோயாளிகளில், இயந்திரம் வைத்தவர்களில் 56 சதவீதத்தினருக்கும் சாதாரணக் கட்டுப் போட்டவர்களில் 39 சதவீதத்தினருக்கும் 16 வாரங்களுக்குள் புண் ஆறியிருந்தது. ஆனால் 2020-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், புண் மூடும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே எல்லாப் புண்ணுக்கும் இதுவே வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். உறிஞ்சல் நிற்கக் கூடாது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். நின்றுபோனால், காற்றுப் புகாத படலத்துக்கு அடியில் நனைந்த ஸ்பாஞ்சு கிருமிகள் பெருகும் இடமாகிவிடும். உறிஞ்சல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஈரத்துணிக் கட்டுப் போட வேண்டும் என்று கையேடுகள் சொல்வது அதனால்தான். ஆகவே படலத்தின் ஓரத்தில் காற்று கசிந்தால் இயந்திரம் கத்த வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் ஆத்திரம், எங்களுக்கு வந்த மாடல் கத்தும் விதத்தின் மீது. கேனிஸ்டர் நிறைந்தாலும், குழாய் மடிந்தாலும், மின்கலம் இறங்கினாலும், படலத்தில் எங்கோ ஓர் ஊசிமுனை இடைவெளி விழுந்தாலும் ஒரே கூச்சல்தான். திரையில் ‘கசிவு’ என்று ஒரு சொல் வரும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. ஓசையை நிறுத்தினால் சற்று நேரத்தில் மீண்டும் தொடங்கிவிடும்.

முன்பாதத்தில் புண் இருப்பவர்களுக்குத்தான் இதன் கொடுமை புரியும். வயிற்றிலோ தொடையிலோ படலம் சமமாக ஒட்டிக்கொள்ளும். விரல் இடுக்கில் அது மடிகிறது. மடிப்பில் காற்று புகுகிறது. வியர்வையும், பாதத்தின் வறண்ட தோலிலிருந்து உதிரும் செதிலும் சேர்ந்து பசையைப் பெயர்த்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிய சிஸ்டர் இதில் கைதேர்ந்தவர். இடுக்குகளில் ஸ்டோமா பேஸ்ட் என்ற, தோலில் இடைவெளிகளை அடைக்கும் பசையை வைத்து நிரவி, படலத்தை அகலமாக ஒட்டாமல் பட்டைபட்டையாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுவார். குழாய் உள்ளங்காலில் அழுந்திப் புதுப் புண் வராமலிருக்க, ஸ்பாஞ்சையே பாலம் போல மேற்பாதம் வரை நீட்டி அங்கே குழாயைப் பொருத்துவார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு படலத்தின் ஓரம் முழுவதும் அங்குலம் அங்குலமாக வைத்துக் கேட்பார். மெல்லிய சீறல் கேட்ட இடத்தில் ஒரு துண்டுப் படலம். உடனே ஸ்பாஞ்சு சுண்டைக்காய் வற்றல் போல இறுகிச் சுருங்கும். அந்தச் சுருக்கம் இருக்கும்வரை எல்லாம் சரி. ஸ்பாஞ்சு உப்பி எழுந்தால் எங்கோ காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் பகலில் வருவார். அலாரமோ இரவில் அடிக்கும். அம்மா தூக்கத்தில் காலைத் திருப்புவார், இடுக்கில் படலம் விலகும், வீடே எழுந்துகொள்ளும். நானும் ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கற்றுக்கொண்டேன். ஆனால் இத்தனை விலையுள்ள கருவி செய்ய வேண்டிய வேலையை நோயாளியின் வீட்டார் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை. கசிவின் அளவைத் திரையில் பட்டையாகக் காட்டி, ஓரத்தை விரலால் அழுத்த அழுத்த அது இறங்குவதைப் பார்க்கவிடும் இயந்திரங்கள் சந்தையில் இருக்கின்றன. ஆகவே இது முடியாத காரியம் இல்லை. எங்கள் மாடலைச் செய்தவர்கள் நோயாளியின் இரவை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓர் இரவு மின்தடையின்போது மின்கலமும் செத்துப்போனது. வாடகை நிறுவனம் தொலைபேசியில் காலை வரை பொறுக்கச் சொன்னது. இரண்டு மணி நேர விதியை அவர்களிடமே எடுத்துச் சொல்லியும் பயனில்லை. சிஸ்டர் போனில் வழிகாட்ட, ஸ்பாஞ்சை உப்புநீரில் நனைத்து நனைத்து மெதுவாக எடுத்து, ஈரத்துணி வைத்துக் கட்டினோம். சதை ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்திருந்ததால் அம்மா பட்ட வலி கொஞ்சமல்ல. அந்த ஸ்பாஞ்சும் படலமும் வீண். புது செட்டுக்குத் தனிப் பில். தினவாடகையை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எங்கள் செலவில் பெரும்பங்கு செட்டுகளுக்கும் கேனிஸ்டர்களுக்கும்தான் போனது, அந்த மாடலில் வேறு நிறுவனத்துடையது பொருந்தவும் பொருந்தாது. வீட்டில் நடந்த சிகிச்சை என்று காப்பீடும் தரவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான செய்தி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் விடுத்த எச்சரிக்கைகளில், இந்த இயந்திரங்கள் தொடர்பாக மொத்தம் 12 மரணங்களையும் 174 காயங்களையும் குறிப்பிட்டது. அவற்றில் மிகக் கொடியது ரத்தக்கசிவு. குழாயில் திடீரெனப் பளிச்சென்ற சிவப்பு ஓடினால் இயந்திரத்தை நிறுத்தி, புண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உள்ளே வைத்த ஸ்பாஞ்சுத் துண்டுகள் எத்தனை என்பதைப் படலத்தின் மேலேயே பேனாவால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்; ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் அதுவே புதிய தொற்றுக்குக் காரணமாகும்.

அம்மாவின் பாதம் பிழைத்ததில் இந்த இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: இதே மாடல் என்றால் வீட்டுக்கு வேண்டாம். மருத்துவமனையில் படுக்கை கிடைக்குமென்றால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் சுவரிலுள்ள உறிஞ்சுகுழாயோடு ஸ்பாஞ்சையும் ரைல்ஸ் டியூபையும் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் சாதாரணக் குழாய்) இணைத்து மிகக் குறைந்த செலவில் இதையே செய்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில்தான் என்று முடிவானால், கசிவின் அளவைக் காட்டும் மாடலைக் கேளுங்கள், மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை உங்கள் கண் முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், இரவு இரண்டு மணிக்கு மாற்று இயந்திரத்தோடு வரப்போகிறவரின் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணத்தைக் கொடுங்கள்.