சீனி மணல்: றீஃப் தொட்டிக்குள் எத்தனை அங்குலம்?

முருகை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிதான் றீஃப் தொட்டி. சீனிக் குருணி அளவில் வரும் அரகனைற்று (கல்சியம் காபனேற்றுக் கனிமம்) மணலை அதில் ஐந்தாறு அங்குலம் போட்டுவிட்டால், மீன் கழிவிலிருந்து சேரும் நைத்திரேற்றுக் கரைச்சல் தீர்ந்தது என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். மணல் நல்ல மணல். அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் திருகோணமலையில் ஓடுகிற தொட்டிக்குள் ஆறு அங்குலம் வேண்டாம். ஒன்று, ஒன்றரை அங்குலம் போதும். ஆழம் கட்டாயம் வேண்டும் என்றால் அதைத் தொட்டிக்கு வெளியே ஒரு வாளியில் வைக்கலாம்.

முதலில் மணலைப் பார்ப்போம். கரிப்சீயின் அரகமாக்ஸ் ரகம் 0.2 முதல் 1.2 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் கிரேட் 1 முதல் 2 மில்லிமீற்றர். இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான், ஆனால் வேலை வேறு. நுண்மணலில் தண்ணீர் ஊடுருவாது, கரைந்த பொருட்கள் மெதுவாகப் பரவித்தான் கீழே போகும். அதனால் மேல் ஓரிரு சென்ரிமீற்றருக்குள் ஒட்சிசன் தீர்ந்துவிடும். பருமணலில் ஒட்சிசன் இன்னும் ஆழம் போகும், கூடவே மீன் கழிவும் மிஞ்சிய தீனும் இறங்கிவிடும். பருமணலில் ஆழ்படுகை போடுவது மூடியில்லாத குப்பைக்குழி வெட்டுவது போலத்தான். மெல்லிய படுகை போட்டு மாதாமாதம் சைபன் பண்ணுகிறவருக்கு (குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுக்கிறவருக்கு) ஸ்பெஷல் கிரேட்டே வசதி. ஆழம் போடுகிறவருக்குச் சீனி மணலைத் தவிர வேறு வழியில்லை.

ஈரமாகப் பையில் வரும் ‘உயிர் மணல்’ காசுக்குப் பெறாது. அதில் இருப்பது பக்ரீரியா மட்டுமே. ஆழ்படுகைக்கு வேண்டிய புழுக்களும் சிறு இறால் வகைகளும் மூடிய பைக்குள் உயிரோடு இருக்காது. கொழும்பிலிருந்து இறக்கும்போது தண்ணீரின் நிறைக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கிறோம். உலர் மணலை வாங்கி, நன்றாக ஓடுகிற ஒருவரின் தொட்டியிலிருந்து இரண்டு கோப்பை மேல்மணல் கேட்டு வாங்கிப் பரப்பினால் அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்கும்.

நிறையைக் கணக்குப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உலர் அரகனைற்று ஒரு லீற்றர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரமுள்ள தொட்டிக்கு 12 சென்ரிமீற்றர் மணல் என்றால் 48 லீற்றர், அதாவது 70 கிலோவுக்கு மேல். 30 இறாத்தல் பை 13.6 கிலோ; ஐந்து பையில் முடியாது, ஆறாவதை உடைக்க வேண்டும். அதே தொட்டிக்கு 3 சென்ரிமீற்றர் போட 18 கிலோ போதும். ஆழம் போட்டால் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் கால்வாசிக்கு மேல் மணலுக்கே போய்விடும். முருகைகளுக்கு மிஞ்சுவது என்ன?

இனி அந்த ஆழம் என்ன செய்கிறது என்பது. ஒட்சிசன் இல்லாத அடுக்கில் சில பக்ரீரியாக்கள் நைத்திரேற்றிலிருக்கும் ஒட்சிசனை எடுத்துச் சுவாசிக்கும். மிஞ்சுவது நைதரசன் வாயு. கண்ணாடியோரம் மணலுக்குள் சிறு குமிழ்கள் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் அதுதான். இன்னும் கீழே நைத்திரேற்றும் தீர்ந்த இடத்தில் வேறு பக்ரீரியாக்கள் சல்பேற்றைப் பிடிக்கும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 2.7 கிராம் அளவில் சல்பேற்று உண்டு, அதற்குப் பஞ்சமே இல்லை. அதிலிருந்து வருவது ஐதரசன் சல்பைட்டு, அழுகிய முட்டை நாற்றம். மணல் சாம்பலாகி, இரும்பு இருக்கும் இடத்தில் கறுப்பாகும். படுகையை அசைக்காத வரை இந்த வாயு மேலே வரும் வழியிலேயே ஒட்சியேறி அழிந்துவிடும். கல் சரிந்தாலோ, யாராவது கையை விட்டுக் கிளறினாலோதான் ஆபத்து.

இந்த முறை புதிதல்ல. ஜோன் ஜோபேர் என்ற ஆய்வாளர் மணலுக்கு அடியில் தண்ணீர் மட்டும் நிற்கும் வெற்றிடம் விட்டுச் செய்தார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடலுயிரியலாளர் றொன் ஷிமெக் வெற்றிடமில்லாத நுண்மணல் படுகையைப் பரப்பினார். ஷிமெக் சொன்னதில் பாதிதான் இங்கே வந்து சேர்ந்தது. அவருடைய படுகையில் மணலைவிட முக்கியம் அதில் வாழும் புழுக்களும் சிறு பிராணிகளும். அவை துளைத்துக்கொண்டே இருந்தால்தான் மேற்பரப்பு இறுகாது, கழிவு சிறு துண்டுகளாகும். அப்பிராணிகளைப் பொதியாக வாங்க இங்கே கடை இல்லை. கடலில் பிடிக்கலாம் என்பதும் எண்ணிய மாதிரி இல்லை: கடலட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதோடு கறுப்பு அட்டை பவர்ஹெட்டில் (தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் பம்பில்) அரைபட்டால் அதன் நஞ்சு மீன்களைக் கொல்லும். மணல் சலிக்கும் கோபி மீனும் மணல் நட்சத்திரமும் கடையில் கிடைக்கும், மணலும் வெள்ளையாகத் தெரியும். ஆனால் அவை தின்பதே அந்தப் புழுக்களைத்தான். தின்று முடித்த பிறகு பட்டினியால் மெலிந்து சாகும்.

விற்பவர் சொல்லும் இன்னொன்று, அரகனைற்று பி.எச். அளவை 8.2 இல் பிடித்து வைத்திருக்கும் என்பது. கல்சியம் காபனேற்று குறிப்பிடத்தக்க அளவில் கரைய பி.எச். கிட்டத்தட்ட 7.7க்குக் கீழே இறங்க வேண்டும். தொட்டித் தண்ணீர் அந்த நிலைக்கு வந்தால் ஏற்கெனவே பிரச்சினை. படுகையின் அடியில் கொஞ்சம் கரையும், முருகை வளரும் தொட்டிக்கு அது காணாது. காரத்தன்மையை அளந்து அதை ஏற்றும் கரைசலை விடத்தான் வேண்டும். விடும்போது மணலுக்குப் பக்கத்தில் ஒரேயடியாக ஊற்றினால் அங்கேயே படிந்து மணல் சீமெந்து மாதிரி இறுகும். ஓட்டம் பலமான இடத்தில் துளித்துளியாக விடுங்கள்.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணலுக்குக் காசா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கரை மணலில் பெரும்பங்கு படிகக்கல். அது தண்ணீரைக் கெடுக்காது என்றாலும் மணிகளின் அளவு கலந்திருக்கும், சிப்பித் துண்டு, மண், பிளாஸ்ரிக் எல்லாம் சேர்ந்தே வரும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் போகப் போக இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கோன் கலந்த கருமணல். இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிமம். பவர்ஹெட்டில் காந்தம் இருப்பதால், காந்தத்தில் ஒட்டும் மணிகள் சுழலியில் சேர்ந்து அதைத் தேய்க்கும். புறாத்தீவிலிருந்து வெள்ளையாக அள்ளிவரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா, ஒரு பிடி எடுப்பதும் குற்றம்.

கையில் இருக்கும் மணல் எதுவென்று தெரியாவிட்டால் 5 கிராம் அளந்து கண்ணாடிக் கோப்பையில் போட்டு 150 மில்லிலீற்றர் வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்து அடங்கியதும் வடித்து, புதிதாக இன்னொரு 150 ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். அரகனைற்று ஏறக்குறைய முழுவதும் போய்விடும். மிஞ்சியதைக் காயவைத்து நிறுத்தால் படிகக்கல்லும் கனிமமும் எவ்வளவு என்று தெரியும். பையில் வாங்கியதையும் இப்படிப் பார்க்கலாம், பிரித்துக் கட்டிய பை என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஆழம் வேண்டாம் என்பதற்கு இந்த ஊருக்கே உரிய காரணம் வெப்பமும் மின்வெட்டும். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) இல்லாத தொட்டி இங்கே 29, 30 பாகையில்தான் நிற்கும். கடல்நீர் 25 பாகையில் ஒரு லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைப் பிடிக்கும். 30 இல் 6.2 தான். அதே நேரம் வெப்பம் கூடக் கூடப் பக்ரீரியாவின் சுவாசமும் கூடும். பம்ப் நின்றால் 70 கிலோ மணலிலும் உள்ள உயிர்கள் மேலேயுள்ள தண்ணீரிலிருந்து ஒட்சிசனை இழுத்துக்கொண்டே இருக்கும், மீன்களுக்கு மிஞ்சாது. மெல்லிய படுகை என்றால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும் தொட்டி, ஆழ்படுகையோடு அதற்கு முன்பே மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் இல்லாமல் ஆழ்படுகை வைக்கவே கூடாது. மாரியில் கடல்நீர் எடுத்து ஊற்றுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து தள்ளும் வண்டல் நேரே மணலில்தான் படியும். ஒரு நாள் அடையவிட்டு, நுண்வடிப்பையில் வடித்து, உப்படர்த்தி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஒன்றரை அங்குலம் போடுகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கற்களை முதலில் கண்ணாடித் தரையில் அல்லது பி.வி.சி. துண்டுகளில் இருத்துங்கள், மணலுக்கு மேல் அல்ல. தோண்டும் இறால் ஒன்று வந்தால் முழுக் கட்டும் சரியும். வாளிக்கு ஐந்து கிலோவாக எடுத்து, குழாயை அடிவரை விட்டுக் கிளறி, பால் போன்ற தண்ணீர் தெளியும் வரை கழுவி, கடைசியாக ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் நிறைந்த தொட்டி என்றால் ஒன்றரை அங்குலப் பி.வி.சி. குழாய்க்குள்ளால் அடியில் இறக்குங்கள். இரண்டு நாள் கலங்கல் இருக்கும், வடிகட்டிப் பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தால் தெளியும். பவர்ஹெட்டை மணலிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி மேல்நோக்கித் திருப்புங்கள். கூர்முருகைகளுக்கு வேண்டிய பலமான ஓட்டத்தோடு சீனி மணல் ஒத்துவராது, மூலைகளில் தரை தெரியும். காந்தத் துடைப்பானை மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்துங்கள். இடையில் ஒரு மணி சிக்கினால் கண்ணாடியில் விழும் கீறல் அழியாது. சைபன் குழாயை விரலால் பாதி நெரித்து, மணலுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் போகும்.

இனி வாளி. நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கிறது என்றால் வாளியும் தேவையில்லை. பூச்சியத்துக்கு இறக்கினால் முருகை வெளிறும், டைனோ எனும் பழுப்பு வழுவழுப்புப் பாசி வரும். 20, 30 என்று இறங்காமல் நிற்கும் தொட்டிக்கே இது. உணவுத்தரமான 20 லீற்றர் வாளியில் சீனி மணல் 20 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட 20 கிலோ, மூன்று தரம் மட்டும் கழுவியது. நுண்துகள் கொஞ்சம் இருப்பது இங்கே நல்லது. உள்வரும் வழி அரை அங்குலம், வெளியேறும் வழி ஓர் அங்குலம், இரண்டுக்கும் இறப்பர் வளையத்தோடு ராங்க் கனெக்டர் (வாளிச் சுவரில் குழாயைப் பொருத்தும் இணைப்பு). வெளிவழி மணலுக்கு ஐந்து சென்ரிமீற்றர் மேலே இருக்க வேண்டும், வாளி சம்ப்பின் (தொட்டிக்குக் கீழேயுள்ள வடிகட்டித் தொட்டியின்) நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வடியாமல் தரையில்தான் கொட்டும். வடிபையில் வடிந்த தண்ணீரையே விடுங்கள், மணிக்கு 500 லீற்றர் அளவில். மூடி போட்டால் பாசி பிடிக்காது. இரண்டு மூன்று மாதம் கழித்தே அளவில் மாற்றம் தெரியும். தொட்டி முழுக்கப் போடும் படுகையின் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் இந்த வாளி. தீனைக் கொட்டிவிட்டு இதை நம்ப முடியாது. ஸ்கிம்மரும் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) சம்ப்பில் ஒரு கட்டு கீற்றோமோர்பா பாசியும் அதே பணத்துக்கு வேகமாக வேலை செய்யும்.

மின்வெட்டு நீண்டால் வாளிக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். மின்சாரம் வந்ததும் மணலுக்கு மேலே தேங்கிய தண்ணீரை முகர்ந்து பார்த்து வெளியே ஊற்றிவிட்டுத்தான் மறுபடி ஓடவிட வேண்டும்.

ஏற்கெனவே ஆழமாகப் போட்டு நாலைந்து வருடம் ஓடியவர்கள் ஒரே நாளில் அள்ளக் கூடாது. காபனேற்று மணல் பொசுபேற்றை உறிஞ்சி வைத்திருக்கும். அது நிரம்பிய பிறகு தண்ணீரில் அளவு ஏறும், எவ்வளவு தண்ணீர் மாற்றினாலும் இறங்காது. அப்போதுதான் படுகையை எடுக்கும் காலம். 25 மில்லிமீற்றர் குழாயால் ஒரு தடவைக்கு ஒரு சாண் அகலம், தண்ணீர் மாற்றும் நாளில், கிளறாமல் மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுங்கள். சம்ப்பில் புதுக் காபன் (உறிஞ்சும் கரி) போட்டு, மறுநாள் அமோனியா பார்த்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த சாண். எடுத்த மணலைக் கழுவித் திரும்பப் போட வேண்டாம், பொசுபேற்று கழுவினால் போகாது. அதைக் கொண்டுபோய்க் கரையில் கொட்டவும் வேண்டாம்; இறக்குமதி முருகைகளோடு வந்த பாசியும் புழுவும் அதில் இருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து வளவுப் பள்ளத்தில் போடுங்கள்.