ஒரு விக்ராந்தா, ஆறு கல்வரியா?

போன மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சின்னப் பட்டிமன்றம். இருக்கிற காசுக்கு விமானந்தாங்கிக் கப்பலா, நீர்மூழ்கிகளா என்பது தலைப்பு. அத்தான் விமானந்தாங்கியை எடுத்துக்கொண்டார், நான் நீர்மூழ்கியை. நாங்குநேரிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? பக்கத்து விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்தின் 471 மீட்டர் கோபுரங்கள் நிற்பதே கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பத்தானே.

"கடல்ல ஒரு ஊரே போவுது மாப்ளே, எவன் எதுப்பான்?" என்றார் அத்தான். கம்பீரம் உண்மைதான். 1971 டிசம்பரில் நம் பழைய விமானந்தாங்கி விக்ராந்திலிருந்து கிளம்பிய விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. அந்த வேலையை நீர்மூழ்கி செய்யாது. ஒத்துக்கொள்கிறேன்.

விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2022 செப்டம்பரில் படையில் சேர்ந்த புதிய விக்ராந்துக்குச் சுமார் 20,000 கோடி. ஆறு கல்வரி வகை நீர்மூழ்கிகளுக்குச் சுமார் 23,000 கோடி.

ஆனால் வாங்கும் விலையா பிரச்சினை? யானையைக் கட்டித் தீனி போடுவதுதான் பிரச்சினை. விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் மிதக்கும் மைதானம். அதற்காக 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம் போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள்: ஏறக்குறைய 63,000 கோடி, கப்பல் விலையைப் போல மூன்று மடங்கு. அதற்கு முன் வந்த மிக்-29கே விமானங்களின் கதை இன்னும் மோசம். எந்த நேரத்திலும் பறக்கத் தயாராக இருந்தவை 16 முதல் 38 சதவீதத்துக்குள்தான் என்று 2016இல் அரசின் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜி எழுதியது. நம் இன்னொரு விமானந்தாங்கி விக்ரமாதித்யாவையோ ரஷ்யா இனாமாகத்தான் தந்தது. புதுப்பிக்க 2004இல் பேசியது 97 கோடி டாலர். கடைசியில் கொடுத்தது 235 கோடி.

அப்புறம் கப்பலைப் பழுது பார்க்கும் துறைமுகத் துறை. பெரிய கப்பல் ஒன்று பழுது பார்க்கப் போனால் மாதக்கணக்கில் வெளியே வராது. ஒவ்வொரு கரைக்கும் ஒன்று, துறையில் ஒன்று என்று மூன்று வேண்டும் எனக் கடற்படையே கேட்பதும் அதனால்தான். அப்படியென்றால் ஒன்றின் விலையைச் சொல்லி வாதாடுவதே தப்பு. மூன்றின் விலையைச் சொல்ல வேண்டும். கூடவே அதைக் காக்கப் போர்க்கப்பல்கள், எண்ணெய்க் கப்பல் வேறு. ஆறு நீர்மூழ்கிகளில் ஒன்று துறைக்குப் போனால் மிச்சம் ஐந்து இருக்கும்.

1971இல் காஸி என்ற ஒரே பாகிஸ்தான் நீர்மூழ்கி தேடி வருகிறது என்றதும் விக்ராந்தை அந்தமானில் ஒளித்து வைத்தோம். கொதிகலனில் விரிசல் இருந்ததால் அது முழு வேகமும் போக முடியாத நிலை. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ஹாங்கோர் என்ற இன்னொரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்தது.

என் பக்கத்திலும் ஓட்டை உண்டு. ஆறு கல்வரிக்கு 2005இல் ஒப்பந்தம். முதலாவது வந்தது 2017இல், ஆறாவது 2025 ஜனவரியில். நான் கப்பலில் வேலை பார்த்தவனும் இல்லை. படித்ததையும் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களிடம் கேட்டதையும் வைத்துத்தான் பேசினேன். மூன்று விமானந்தாங்கிகளுக்கும் அவற்றின் விமானங்களுக்கும் காசு இருந்தால் அத்தான் பக்கம் போய்விடுவேன்.

கடைசியில் கை எண்ணினார்கள். அத்தானுக்கு இரண்டு கூடுதல். அதில் ஒன்று என் அக்காவின் கை.