வெனீர் போட்ட முன்பல்லும் நம்ம ஊர்ச் சாப்பாடும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் அழகுக்காக ஒட்டும் மெல்லிய ஓடு, ஒட்டி முடித்ததும் பல கிளினிக்குகளில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். ஆப்பிளைக் கடிக்காதே, பாப்கார்ன் வேண்டாம், ஸ்டேக் வேண்டாம், ரெட் ஒயின் கூடாது. வெளிநாட்டுத் தாளை அப்படியே எடுத்து அச்சடித்தது. அதில் கரும்பு இருக்காது, முருங்கைக்காய் இருக்காது, பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும் பழக்கம் இருக்கவே இருக்காது. நம்ம வீட்டில் வெனீருக்கு ஆபத்து இந்த மூன்றிலும்தான் அதிகம். அதனால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இட்லி முதல் நல்லி எலும்பு வரை எது தாங்கும், எது தாங்காது என்று பார்க்கலாம்.

முதலில் பொருள். செராமிக் வெனீர் என்பது 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை கனமுள்ள ஒரு மெல்லிய ஓடு. லித்தியம் டைசிலிகேட் வகையானால் நல்ல உறுதி உண்டு. பழைய பெல்ட்ஸ்பார் வகை பார்க்க அழகு, ஆனால் கொஞ்சம் நொய்வு. பல்லின் முன்பக்க எனாமலை லேசாகச் சீவி, ரெசின் சிமென்ட் வைத்து, நீல ஒளியில் இறுக்குகிறார்கள். சுவரில் ஒட்டிய டைல்ஸைப் போலத்தான் இதுவும்: நேராக அழுத்தினால் அசையாது, விளிம்பில் நெம்பினால் சில்லு பெயரும். வெனீர் பெரும்பாலும் மேல்வரிசையில் 6, 8 அல்லது 10 பற்களில்தான் இருக்கும். அவற்றின் உள்பக்கம் சொந்தப் பல். கெட்டியான பொருளை முன்பல்லில் வைத்து முன்னோக்கி இழுத்தால், அந்த விசை வெனீரை வெளியே தள்ளுகிறது. செராமிக்குக்கு ஆகாத திசை அதுதான்.

இது புரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தேவையே இல்லை. முறுக்கு சாப்பிடலாம். கையால் ஒடித்து, விரல் நுனியளவு துண்டாக்கி, நேரே கடைவாய்க்குக் கொண்டுபோக வேண்டும். முழு முறுக்கை முன்பல்லில் வைத்து உடைப்பதுதான் தப்பு. தட்டை, சீடை, வறுத்த பட்டாணி எல்லாவற்றுக்கும் இதே வழி. சீடையை ஒடிக்க முடியாது என்பதால் அதை முழுதாகக் கடைவாயில்தான் போட வேண்டும். எட்டு, பத்துப் பற்களுக்கு வெனீர் போட்டவர்களுக்கு முன்கடைவாய்ப்பல்லிலும் ஓடு இருக்கும், அவர்கள் அதற்கும் பின்னால் தள்ளி மெல்ல வேண்டும். அப்பளம் கவலையே இல்லை, லேசான அழுத்தத்திலேயே நொறுங்கிவிடும். பொருள்விளங்காய் உருண்டை மட்டும் வேறு ரகம். அதைச் சொந்தப் பல்லே யோசித்துத்தான் கடிக்கிறது. உலக்கையிலோ இடிகல்லிலோ தட்டித் தூளாக்கித் தின்னலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கடலை மிட்டாயில் இரண்டு தொல்லை சேர்ந்து வருகிறது. பாகு கெட்டிப் பதத்தில் கண்ணாடிபோல இறுகியிருக்கும். வாய்ச் சூட்டில் இளகியதும் ஒட்டிக்கொண்டு இழுக்கும். உடைக்கும் விசையும் பிடுங்கும் விசையும் ஒரே வாயில். உடைத்துச் சின்னத் துண்டாகக் கடைவாயில் போட்டால் செராமிக் தாங்கும். நிரந்தர வெனீர் வரும் வரை தற்காலிக வெனீர் போட்டிருக்கும் நாட்களில் மட்டும் பக்கத்திலேயே போகக் கூடாது.

இனி கரும்பு. பொங்கலன்று தோலை முன்பல்லால் கவ்வி, தலையை ஒரு பக்கம் திருப்பி உரிப்போமே, வெனீருக்கு அதைவிட மோசமான அசைவு சாப்பாட்டில் வேறு இல்லை. விளிம்பில் பிடி, வெளிப்பக்கம் நெம்பல், அதோடு திருகல். கத்தியால் தோல் சீவி, குறுக்கே வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்து கடைவாயில் மென்று துப்பலாம். சாறாகக் குடித்தால் கேள்வியே இல்லை, ஆனால் சர்க்கரை ஓரத்தில் தங்காமல் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டும்.

முருங்கைக்காய் வெந்து மெத்தென்றுதானே இருக்கிறது என்று தோன்றும். விசை குறைவுதான். பிரச்சினை வேறு: மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்து உருவும்போது கீழ்ப்பல் மேல் ஓட்டின் விளிம்பில் உரசுகிறது, நார் பல்லிடுக்கில் ஏறி ஈறோரம் மாட்டிக்கொள்கிறது. அந்த நாரைக் குச்சியால் குத்தி எடுக்கப் போய்த்தான் ஓரம் கெடுகிறது. நீளவாக்கில் விரலால் பிளந்து, சதையை ஸ்பூனால் வழித்துச் சோற்றில் பிசைந்தால் ருசியில் ஒரு குறையும் இல்லை. பனங்கிழங்கும் அப்படியே: ஒடித்து, நாரைக் கையால் உரித்துவிட்டுத்தான் வாய்க்குப் போக வேண்டும். மாங்கொட்டையை உதட்டால் சூப்பலாம், முன்பல்லால் சுரண்ட வேண்டாம். கொய்யாவை நாலாக அரிந்து, கொட்டையுள்ள நடுப்பகுதியைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். அந்தச் சின்ன விதை எந்தப் பல்லுக்கும் மசியாது. மக்காச்சோளத்தைக் கத்தியால் உதிர்த்துத் தின்ன வேண்டியதுதான்.

அசைவத்தில் சதை எதுவும் தொல்லையில்லை. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சலாம், கடித்துப் பிளக்கக் கூடாது. நண்டின் காலை அம்மிக் குழவியால் தட்டி உடைத்துப் போட்டால் மணமும் குழம்பில் நன்றாக இறங்கும். கோழி லெக் பீஸை எலும்போடு பிடித்து முன்பல்லால் பிய்ப்பது, கரும்பு உரிப்பதன் தம்பி. விரலால் பிய்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை யாரும் எச்சரிப்பதில்லை: அரிசி, பருப்பு, கேழ்வரகில் கிடக்கும் கல், சரியாக அலசாத கீரையின் மண், நாட்டு வெல்லத்தின் தூசி. மெத்தென்ற சோற்றை முழு நம்பிக்கையோடு மெல்லும்போது திடீரென்று கல் சிக்குவதால், விசையைக் குறைக்க நேரமே கிடைக்காது. புடைத்து, கல் பொறுக்கி, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுவது வெனீருக்கும் காப்பு.

கறை விஷயத்தில் செராமிக்கும், பல் நிற ரெசினில் செய்யும் காம்போசிட் வெனீரும் இரண்டு வேறு உலகம். செராமிக்கின் பளபளப்பான மேற்பரப்பில் காபியும் ஏறாது, சாம்பாரும் ஏறாது. கறை பிடிப்பது வெனீரைச் சுற்றியுள்ள சிமென்ட் கோட்டில். சில வருடங்களில் ஈறு லேசாகப் பின்வாங்கினால் அந்தக் கோடு வெளியே தெரியும்; டீ, காபி, வெற்றிலைப் பழக்கம் இருந்தால் பழுப்பாகத் தெரியும். இன்னொன்று, வெனீர் நிறம் மாறாது, பக்கத்துச் சொந்தப் பல் மாறும். வெனீரை ப்ளீச் செய்ய முடியாது என்பதால், பக்கத்துப் பற்களை வெளுப்பாக்க நினைத்தால் வெனீர் செய்வதற்கு முன்பே செய்து, நிறம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் விட்டு, பிறகு ஷேடு பார்க்க வேண்டும்.

காம்போசிட் போட்டவர்களுக்கு மஞ்சள்தான் எதிரி. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ரெசினில் ஊறிப் பிடிக்கும். மஞ்சளை விட்டுவிட்டுத் தமிழ்ச் சமையல் இல்லை, ஆகவே நடைமுறை இதுதான்: சாப்பிட்ட கையோடு கொப்பளிப்பது, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒரு முறை டாக்டரிடம் பாலிஷ் போடுவது. கரித்தூள் பேஸ்ட், உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் கூடாது. அவை பரப்பில் கீறல் போடும், கீறலில் கறை இன்னும் வேகமாகத் தங்கும். ஈறு வீக்கத்துக்குக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தந்தால் சொன்ன நாள் வரை மட்டும் போதும். அதுவே பழுப்புக் கறை விடும், டீ காபியோடு சேர்ந்தால் இன்னும் அதிகம்.

புளிக்குழம்பு, எலுமிச்சை, சோடா இவற்றின் அமிலம் செராமிக்கை ஒன்றும் செய்துவிடாது, ஓரத்திலுள்ள சொந்த எனாமலை இளக்கும். உடனே பிரஷ் போடாமல், தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் தேய்க்க வேண்டும். கிளினிக்கில் ஃபுளோரைடு ஜெல் வைக்கும்போதும் கவனம்: 1.23 சதவீத அமில வகை ஜெல் செராமிக்கின் பளபளப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். நியூட்ரல் சோடியம் ஃபுளோரைடு கேளுங்கள். அதேபோல் பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங்குக்கு வேறு கிளினிக் போனால் வெனீர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அல்ட்ராசோனிக் முனை ஓரத்தில் பட்டால் சில்லு பெயரலாம்.

தொடக்க நாட்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தற்காலிக வெனீர் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், வேண்டுமென்றே லேசாகத்தான் ஒட்டியிருப்பார்கள். இட்லி, இடியாப்பம், பொங்கல், தயிர் சாதம் போதும். பொங்கலில் முழு மிளகு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பார் பட்டுத் தற்காலிக வெனீர் மஞ்சளானால் பதற வேண்டாம், எப்படியும் கழற்றப் போவதுதான். நிரந்தர வெனீர் ஒட்டிய அன்று மரப்பு ஊசி தெளியும் வரை எதையும் மெல்லக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொள்வோம். பிறகு ஒன்றிரண்டு நாள் மெத்தான சாப்பாடு. சூடும் குளிர்ச்சியும் கூசுவது சில நாளிலிருந்து சில வாரம் வரை இருந்து அடங்கும். அடங்காமல், ஒரு பல் மட்டும் மெல்லும்போது முதலில் தட்டுவதாகத் தோன்றினால், அந்தப் பல்லின் கடி உயரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடி படும் இடத்தைக் காட்டும் கலர் பேப்பரைக் கடித்து, தாடையை முன்னாலும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் நேராகக் கடித்து மட்டும் பார்த்தால் இந்தத் தட்டல் பிடிபடாமல் போகலாம். இரவில் பல்லை நறநறப்பவர்கள் இரவில் பல்லில் மாட்டும் காப்பு உறையான நைட் கார்டு இல்லாமல் வெனீர் செய்துகொள்வது காசைக் கரைப்பதுதான்.

சாப்பாட்டைவிட அடுக்களைப் பழக்கம் அதிகம் உடைக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். பால் பாக்கெட் நுனி, சாஸ் சாஷே, பூக்கட்டும் நார், சோடா மூடி, தையல் நூல். கத்தரிக்கோலை அடுப்பு மேடையிலேயே ஒரு ஆணியில் மாட்டிவையுங்கள்.

இத்தனைக்கும் மீறிக் கழன்று வந்தால், முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக இருந்தால் கழுவி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் பெரும்பாலும் அதையே மறுபடி ஒட்டலாம். டிஷ்யூவில் சுற்றினால் குப்பையோடு போய்விடும். ஃபெவிக்விக் வைத்து ஒட்டவே கூடாது. கோணலாக ஒட்டி, ஒட்டும் பரப்பு முழுவதும் படிந்து, டாக்டர் சுரண்டி எடுப்பதற்குள் ஓடே உடையலாம். விளிம்பில் மட்டும் சின்னதாகப் பெயர்ந்திருந்தால் பாலிஷிலோ காம்போசிட் ஒட்டிலோ சரியாகும். இரண்டாக உடைந்தது புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஒரே பல்லில் இரண்டாம் முறையும் கழன்றால் சிமென்டை மட்டும் குறை சொல்லாமல் கடி உயரத்தையும் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகு ஒட்டச் சொல்லுங்கள்.